பெரிய பாட்டின் நடுவில்

அவருக்கு ஏழரை என்று பெயர் வைத்தவர்கள் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரத்தின் முன்னால் நின்று பாத்திர மூடிகளை அடித்துத் தள்ளும்போது மனிதர் சும்மா அடிக்க மாட்டார். ஏழு அடி, அரை மூச்சு இடைவெளி, மறுபடி ஏழு அடி. ஊரில் உள்ளவன் எல்லாம் நாலு நாலாக எண்ணிப் பிழைப்பை ஓட்டும்போது உங்களுக்கு மட்டும் ஏன் ஏழு என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. அவர் விளக்க ஆரம்பிப்பார். கேட்டவனுக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். அவரிடம் வாயைக் கொடுத்தவனுக்கு ஏழரைதான் என்று ஒருவன் சொன்னான். பெயர் இரண்டு பக்கமும் பொருந்தியதால் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவருக்குப் புரோகிரஸிவ் ராக் என்றால் பைத்தியம். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ராக் இசையிலேயே கொஞ்சம் திமிர் பிடித்த வகை அது. மூன்று நிமிடத்தில் முடிந்தால் அதைப் பாட்டென்று மதிக்கவே மாட்டார்கள். ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். அதற்குள் ஐந்தாறு பகுதி இருக்கும், தாளம் பாதி வழியில் நாலிலிருந்து ஏழுக்கு மாறும், ஆடலாம் என்று எழுந்தவன் கால் பிசகி உட்காருவான். பத்து தடவை கேட்டால்தான் தலையும் வாலும் புரியும். ஏழரை இருநூறு தடவை கேட்டவர்.

அந்த வகையில் அவர் கும்பிடாத குறையாகக் கொண்டாடிய குழு ஒன்று உண்டு. ஐந்து பேர். அவர்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் ரசிகர்கள் அவர்களைப் ‘பசங்க’ என்றார்கள். முடி நரைத்து, ஒருவருக்கு இடுப்பெலும்பு மாற்றிய பிறகு ‘பெருசுங்க’ என்றார்கள். பெருசுங்களின் மிகப் புகழ்பெற்ற படைப்புக்கு வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று இருக்கிறது. ரசிகர்களுக்கு அது வெறும் பெரிய பாட்டு. மேடையில் அதை முழுசாக வாசித்தது அபூர்வம். ஒரு தடவையாவது பெரிய பாட்டை நேரில், முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிட வேண்டும். ஏழரைக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் மனைவியிடமாவது சொல்லியிருப்பார்.

பெரிய பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. பாதிக்கு மேல் போனதும் எல்லாக் கருவிகளும் சேர்ந்து வெறி பிடித்து ஏறும், ஏறி ஏறி ஒரே அடியில் நின்றுவிடும். பிறகு அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு சின்னப் புல்லாங்குழல் தனியாகப் புறப்படும். உச்ச ஸ்தாயி. மூச்சா இசையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லிசு. பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது ரசிகர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். விவரம் தெரியாதவன் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அங்கே கை தட்டிவிடுவான். ஏழரையைப் பொறுத்தவரை மனிதர்களில் இரண்டே வகை. அங்கே கை தட்டுகிறவர்கள் ஒன்று, தட்டாதவர்கள் இன்னொன்று. முதல் வகையோடு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தாடியின் கடையில் கூடுவார்கள். தாடி அவருடைய இளமைக்கால நண்பர். முன்பு இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். இப்போது முன்பக்கம் செல்போன் உறை விற்கிறார், பின் அறையில் பழைய தட்டுகளையும் நல்ல ஸ்பீக்கர் இரண்டையும் காப்பாற்றி வைத்திருக்கிறார். அங்கே ஒரு கணக்கு வாத்தியார் வருவார், பிறகு ஒரு பல் டாக்டர் அம்மாவும் வர ஆரம்பித்தார். தொழிற்சாலையில் ஏழரை ஒரு வருகைப்பதிவு எண். அந்தப் பின் அறையில் அவர் நீதிபதி. ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டால், டிரம் சத்தத்தை வைத்தே எந்தச் சுற்றுப்பயணம் என்று சொல்லிவிடுவார். நல்ல இடம் வந்தால் தொடையில் தட்டி, “அடி சக்கை!” என்பார். அது அவருடைய முத்திரை. வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் தலையாட்டுவதற்கே யோசிப்பார்கள்.

பல் டாக்டர் முதல் தடவை வந்தபோது, பாவம், அந்த இடத்தில் கை தட்டிவிட்டார். ஏழரை தட்டை நிறுத்தச் சொன்னார். கேட்கிற காது வேறு, ஓட்டை வேறு என்று தொடங்கி ஒரு பிரசங்கம் நடந்தது. ஊரெல்லாம் பல்லைப் பிடுங்குகிற அம்மா வாயே திறக்கவில்லை. அடுத்த மூன்று வாரம் வரவில்லை, பிறகு வந்தார். இசை மேல் ஆசை இருந்ததால் வந்தாரே தவிர, ஏழரையின் முகத்துக்காக வரவில்லை.

இந்த மனிதருக்குத்தான் காது போக ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தவள் மனைவி. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே நிற்பார், அணைக்க மாட்டார். அழைப்பு மணி அடிக்கும், அசைய மாட்டார். சோம்பேறித்தனம் என்றுதான் அவள் ரொம்ப நாள் நினைத்தாள், அப்படி நினைக்க அவளுக்கு முகாந்திரமும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்தே வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொள்வார், அவள் பேசினால் ஒரு பக்கத்தைத் தூக்கி ‘ம்?’ என்பார், பாதி கேட்டதும் மறுபடி மாட்டிக்கொள்வார். அவள் அப்பா இறந்த செய்தியைக்கூட இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆக, கேட்காத காதுக்கும் கேட்க விரும்பாத காதுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து விதவிதமான சத்தங்களைப் போட்டுப் பார்த்தார். கனமான சத்தங்கள் கேட்கின்றன, மெல்லிய உச்ச சத்தங்கள் போய்விட்டன என்றார். பறவை, மணி, விசில், குழந்தைகள் குரல், சில பெண்களின் குரல். காரணம் என்ன என்று ஒரு சண்டை நடந்தது. பிரஸ்தான் தின்றுவிட்டது என்றார் ஏழரை. எந்நேரமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தீர்களே, அதுதான் என்றாள் மனைவி. பிரஸ் ஷாப்பில் கொடுத்த காது அடைப்பானைப் போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். போடவில்லை. போட்டால் ஏழு அடி சரியாக விழுவது தெரியாது. டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இரண்டும் சேர்ந்துதான் என்று எழுதினார். பிரஸ் மட்டும் என்று எழுதச் சொல்லி ஏழரை கெஞ்சாத குறை. எதற்கென்று டாக்டருக்குப் புரியவில்லை. தான் நேசித்ததே தன்னைக் கெடுத்தது என்று காகிதத்தில் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வேறொன்றுமில்லை.

காதுக் கருவி ஒன்று வாங்கினார்கள். மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டால் பெருசுங்க பாத்திர மூடி அடிப்பதுபோல இருந்தது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

பின் அறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு தட்டும் நொடி பிசகாமல் அவருக்கு மனப்பாடம். குழல் வரும் இடத்தில் அவருக்குக் குழல் கேட்கத்தான் செய்தது. ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, தன் மண்டைக்குள்ளிருந்தே வருகிறதா என்று அவர் சோதித்துப் பார்க்கவில்லை. ஏன் சோதிக்க வேண்டும்? சரியான நேரத்துக்குத் தொடையைத் தட்டினார், அடி சக்கை என்றார். நீதிபதி நீதிபதியாகவே இருந்தார்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. பெருசுங்களின் கடைசிச் சுற்றுப்பயணம். இந்த ஊருக்கும் வருகிறார்கள். பெரிய பாட்டு முழுசாக உண்டு. போதாக்குறைக்கு, இந்த ஊர்க் கச்சேரியைப் பதிவு செய்து கடைசி இசைத்தட்டாக வெளியிடப் போகிறார்கள். ஏழரை அன்றைக்குத் தொழிற்சாலையில் அடித்த மூடியெல்லாம் கோணல். மேஸ்திரி திட்டியதும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் உறைத்திருக்காது.

கிளம்பும்போது மனைவி காதுக் கருவி டப்பாவை அவர் சட்டைப் பையில் வைத்தாள். “இதுக்காவது மாட்டிக்கோங்க” என்றாள். சரி சரி என்றார். பெரிய பாட்டைத் தகரமாகக் கேட்பதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று வழியெல்லாம் மனசுக்குள் பொருமிக்கொண்டு போனார். டப்பா பையை விட்டு வெளியே வரவில்லை.

உள்விளையாட்டு அரங்கம் நிரம்பி வழிந்தது. தாடிக்கு முட்டி வலி, வாத்தியாருக்கு முதுகு வலி, பல் டாக்டரோடு மூவரும் மாடியில் நாற்காலி எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்து கேட்க அது என்ன பட்ஜெட் உரையா என்று ஏழரை மட்டும் கீழே, மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற கூட்டத்தில் போய் நின்றார்.

டிரம்மும் பாஸ் கிதாரும் நெஞ்சில் வந்து மோதின. அதற்குக் காது எதற்கு? அவருக்கு எதுவும் குறையாகவே தெரியவில்லை. பெரிய பாட்டு தொடங்கியதும் கண் கலங்கிவிட்டது. ஏறியது, ஏறியது, வெறி பிடித்து ஏறியது, ஒரே அடியில் நின்றது. விளக்கு மங்கியது. கிதார்காரர் தலையைக் குனிந்தார், கீபோர்டுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டார்.

ஏழரை குழலுக்குக் காத்திருந்தார். வரவில்லை.

இங்கே விவரம் தெரியாதவனாக இருந்தால் பிழைத்திருப்பான். பக்கத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பான். ஏழரைக்குத்தான் எல்லாம் தெரியுமே. சில வருஷம் முன்பு ஒரு சுற்றுப்பயணத்தில் குழல்காரருக்கு நுரையீரல் கோளாறு வந்து, பெரிய பாட்டை அந்த இடத்தோடு நிறுத்தினார்கள். வாசிக்க முடியாமல் போனவருக்கு மரியாதையாக எழுந்து கை தட்டுவது அந்த ஊர்களில் ரசிகர்களுக்குள் ஒரு வழக்கமே ஆனது. உலகத்தில் ஆயிரம் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். அந்த ஆயிரத்தில் ஏழரை ஒருவர். அன்றைக்குக் குழல்காரர் மேடைக்கு வந்தபோதே தள்ளாடியதையும், டிரம்முக்குப் பின்னால் இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததையும் அவர் கவனித்திருந்தார். பெருசுக்கு மூச்சு முடியவில்லை, நிறுத்திவிட்டார்கள். சுற்றி நிற்பவர்கள் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். இதுகளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தார். முதல் மரியாதை தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். ஓங்கித் தட்டினார். காது கேட்காதவர்களுக்கே உரிய அந்தப் பெரிய குரலில், அரங்கம் அதிர, திரும்பத் திரும்ப, “அடி சக்கை!” என்றார்.

முன்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு பெண் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஒருவன் அவர் கையைப் பிடித்தே விட்டான். அப்போதுதான் மேடையின் மேலிருந்த பெரிய திரையை அவர் பார்த்தார். குழல்காரரின் முகம் திரை முழுக்க இருந்தது. கன்னம் உப்பி, விரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

அதன் பிறகு பாட்டு எப்படி முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது தாடி எப்படி இருந்தது என்று கேட்டார். பிரமாதம் என்றார் ஏழரை. தாடி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். மாடிவரை சத்தம் போயிருக்காது என்று ஏழரை தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்த ராத்திரிக்குப் பிறகு டிரம் அதிர்வைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மங்கலாகத்தான் விழுந்தது, பேச்சைக்கூட உதட்டைப் பார்த்தே பிடித்தார்.

அன்றிலிருந்து இசைத்தட்டு வரும்வரை மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பெருசுங்க பதிவில் ஒட்டுப்போட மாட்டார்கள், இருமினாலும் அப்படியே விடுவார்கள், அதுதான் நேர்மை என்று பின் அறையில் எத்தனை தடவை மார்தட்டியிருப்பார். இப்போது, ஒரே ஒரு இடத்தில் ஒட்டுப்போட்டுவிடக் கூடாதா என்று ஏங்கினார். தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனார்.

பெரிய பாட்டைப் போட்டார்கள். அந்த இடம் நெருங்க நெருங்க அவர் தட்டைக் கவனிக்கவில்லை, மூன்று முகங்களையும் கவனித்தார். ஒரு புருவம் ஏறினால் போதும், கதை முடிந்தது. தாடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் கண்ணை மூடியிருந்தார். பல் டாக்டர் தன் கைவிரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை. அந்த இடம் தாண்டிப் போயிற்று. எடுத்துவிட்டார்கள்! ஏழரைக்கு உடம்பெல்லாம் வேர்த்து அடங்கியது.

அடங்கியதும் சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை. தட்டு முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, பார்த்தீர்களா, ஒரு பயல் அந்த இடத்தில் கை தட்டவில்லை, நம் ஊர்க்காரனுக்கும் கேட்கத் தெரிந்துவிட்டது என்று ஆரம்பித்தார். பல் டாக்டர் பக்கம் திரும்பி, இதெல்லாம் அந்தக் காலத்தில் நான் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தது என்றார். பல் டாக்டர் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாடி சட்டென்று எழுந்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். பல் டாக்டர் வாயெடுத்ததை விட்டுவிட்டு, எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். அந்த அம்மாளுக்கு அன்றைக்கு இருந்த பெருந்தன்மை ஏழரைக்கு வாழ்நாளில் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஒரு பிரதி வாங்கி வந்து வீட்டில் தினமும் போட்டார். சத்தமாகப் போட்டார், ஜன்னலைத் திறந்து வைத்துப் போட்டார். மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த இடத்தைக் கவனி, ஊசி விழுந்தால் கேட்கும் என்றார். அவள் கவனித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதோடாவது விட்டாரா? பெருசுங்களின் ரசிகர்கள் உலகம் முழுக்க எழுதிக்கொள்ளும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் இத்தனை வருஷமும் படித்ததோடு சரி, அவர் எழுதியதில்லை. இப்போது செல்போன் மொழிபெயர்த்துக் கொடுக்க, நீளமாக ஒன்று எழுதினார். நான் அந்தக் கச்சேரியில் இருந்தவன், மேடைக்குப் பக்கத்தில் நின்றவன், குழல் வரும் இடத்தில் எங்கள் ஊர்க் கூட்டம் காட்டிய அமைதியை வேறு எந்தப் பதிவிலும் நீங்கள் கேட்க முடியாது என்று எழுதினார்.

மறுநாள் காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்பும் முன் பார்த்தார். பதில்கள் குவிந்திருந்தன. முதலில் பெருமையாக இருந்தது. திறந்தார். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. எந்த அமைதி, நாம் ஒரே தட்டைத்தான் கேட்கிறோமா என்று ஒருவன். அந்தக் கழுதை மேடைக்குப் பக்கத்தில்தானே நின்றது, நீங்கள் பார்த்தீர்களா என்று ஒருவன். தான் அதை வெட்டியெடுத்து செல்போன் மணியாக வைத்திருப்பதாக இன்னொருவன். அதற்கும் கீழே எங்கோ தூர தேசத்துப் பெண்மணி ஒருத்தி ரொம்ப மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். நீங்கள் அந்த ஊர்க்காரர் என்பதால் கேட்கிறேன், குழலின் நடுவே அந்த மனிதர் கத்துவது என்ன மொழி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, தன் காதில் விழுந்ததை எழுத்துக் கூட்டி எழுதியிருந்தாள். பிழையே இல்லை. அடி சக்கை.

அப்படியென்றால் தாடிக்குக் கேட்டிருக்கிறது, வாத்தியாருக்குக் கேட்டிருக்கிறது. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கும் கேட்டிருக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தட்டைப் போட்டார். அந்த இடம் வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“இந்த இடத்துல என் சத்தம் கேக்குதா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “கேக்குது.”

“முதல் நாள்லயே கேட்டுச்சா?”

தலையை ஆட்டினாள்.

“ஏன் சொல்லலை?”

“நான் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?”

அந்த வாக்கியம் அவருக்குக் காதில் விழ வேண்டியதே இல்லை. முப்பது வருஷமாக அந்த வீட்டில் சொல்லப்பட்டு வந்த வாக்கியம், உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கோபப்பட வேண்டிய இடம், கோபம் வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து ஸ்பீக்கர் பக்கத்தில் போட்டார். அவளை உட்காரச் சொன்னார். ஊசியைத் தூக்கி, கருவிகள் எல்லாம் ஒரே அடியில் நிற்கிற இடத்தில் மறுபடி வைத்தார்.

“குழல் எங்க ஆரம்பிக்குது, எப்படிப் போகுதுன்னு எனக்குச் சொல்லு” என்றார். “மெதுவாச் சொன்னாப் போதும். நான் உன் வாயைப் பாத்துக்கறேன்.”

அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை அவள் கேட்டதே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே முயற்சி செய்து கேட்டாள். பிறகு நிமிர்ந்து அவருக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“குழல் எங்கங்க கேக்குது? நீங்க கத்தறதுதான் கேக்குது.”

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னாள், அதுதான் அவருக்கு ஆறவே இல்லை.